மேசைகள் உறுமியாகும் வகுப்பறை

தைப்பூசம் முடிந்து பள்ளிக்குத் திரும்பும் வாரத்தில், தமிழ்ப்பள்ளி வகுப்பறையை விட்டு ஆசிரியர் ஐந்து நிமிடம் வெளியே போனால் போதும், மேசைகள் உறுமியாகிவிடும். ஒருவன் உள்ளங்கையால் அடி கொடுப்பான். இன்னொருவன் அடிக்கோலை மேசை விளிம்பில் உராய்ந்து இழுப்பான். பின்வரிசையில் இருவர் விரல்நுனியால் தவில் வாசிப்பார்கள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. காவடிக்குப் பின்னால் நடந்தபோது காதில் விழுந்தது கையில் இறங்கியிருக்கிறது. அதே பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கழித்துச் சொல்வதெழுதுதல் கொடுத்தால் 'பாடம்' 'படம்' ஆகிவிடுகிறது, 'காலை' 'கலை' ஆகிவிடுகிறது. தாளத்தில் இம்மி பிசகாத காது எழுத்தின் நீளத்தை ஏன் தவறவிடுகிறது? தமிழ்ப்பள்ளிகளில் இசையைப் பற்றிப் பேச இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், தென் செபராங் பிறையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காக நம்மவர்கள் கொண்டுவரப்பட்ட மண் இது. பின்னர் ரப்பர் வந்தது, செம்பனை வந்தது. 2014 மார்ச்சில் பத்து கவானையும் தீவின் பத்து மாவுங்கையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறந்தபின், தொழிற்சாலைகளும் தாமான்களும் மளமளவென்று எழுந்தன. பத்து கவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி, வால்டோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பெயர்களில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் உலகம் மாறிவிட்டது. பாட்டியிடம் தமிழ், பசார் மாலாமில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் ஹொக்கியன். ஏழு வயதில் முதலாம் ஆண்டில் வந்து உட்காரும் பிள்ளை, மூன்று மொழிகளை ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் பழக வேண்டும். பெரியவர்கள் பலர் ஒரு மொழிக்கே திணறுவார்கள்.

அறிவியலையும் கணிதத்தையும் எந்த மொழியில் நடத்துவது என்று நாம் போட்ட சண்டை கொஞ்சமல்ல. 2003இல் அவ்விரண்டும் ஆங்கிலத்துக்குப் போனபோது ஒரு முறை, 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது இன்னொரு முறை. சண்டை தேவையானதுதான், தாய்மொழிப் பள்ளியின் உயிரைப் பற்றியது. ஆனால் அந்தக் கூச்சலில் ஒன்று காணாமல்போனது. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஒரு குழந்தை எப்படிக் கால் வைத்துத் தாண்டுகிறது என்பதை யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

மலாயில் உயிரெழுத்தின் நீளம் பொருளை மாற்றாது. தமிழில் அது எல்லாவற்றையும் மாற்றும். மலாயும் தமிழும் ஒன்றாகக் காதில் விழும் பிள்ளைக்கு நெடில் நழுவுவது அறிவுக் குறைவல்ல, காது இரண்டு கணக்குகளைச் சுமக்கிறது. இதற்கு மருந்து நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியம் எழுத்தை நேரத்தால் அளக்கிறது. கண் இமைக்கும் பொழுது, விரல் நொடிக்கும் பொழுது, அதுதான் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இதை நாம் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம், உடம்பால் செய்துகாட்டுவதில்லை.

செய்துகாட்டினால் என்ன ஆகும்? பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டிய கையைப் பிரிக்காமல் இன்னொரு அடி நேரம் பிடித்து ஆட்ட வேண்டும். மெய்க்கு விரல் சொடுக்கு. 'படம்': தட்டு, தட்டு, சொடுக்கு. 'பாடம்': தட்டிப் பிடி, தட்டு, சொடுக்கு. 'பட்டம்': தட்டு, சொடுக்கு, தட்டு, சொடுக்கு. மூன்றும் கைக்கு மூன்று வேறு உணர்வு. இனி சொல்வதெழுதுதலில் 'காலை' என்று ஆசிரியர் சொன்னதும், மேசைக்கடியில் அந்தச் சின்னக் கைகள் ஒட்டிப் பிடித்துப் பார்த்துக்கொள்ளும். பிறகுதான் பென்சில் நகரும். இந்த விளையாட்டுக்குச் செலவு எதுவும் இல்லை. பக்கத்து வகுப்புக்குக் கொஞ்சம் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

கை பழகியபின், வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோலுக்குப் போகலாம். தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து. இந்தச் சொற்கட்டுகளுக்கு அகராதிப் பொருள் கிடையாது. அதனால் தமிழில் பின்தங்கியிருக்கும் பிள்ளையும் மலாயில் பின்தங்கியிருக்கும் பிள்ளையும் இங்கே ஒரே கோட்டில் நிற்கிறார்கள். வாய் திறக்கவே பயப்படும் குழந்தை முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். இரட்டைக்கிளவியும் இங்கேயே வந்து சேரும். சலசல, கலகல, மளமள என்று கலைத்திட்டத்தில் ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள், நாம் பொருள் எழுதி மனப்பாடம் செய்யவைக்கிறோம். மலாய்ப் பாடத்தில் அதே பிள்ளை ராமா-ராமா, கூரா-கூரா என்று இரட்டிக்கும் சொற்களைப் படிக்கிறது. இரண்டையும் ஒரே தாளத்தில் மாற்றி மாற்றிச் சொல்லவைத்தால் இரு பாடங்களும் கைகுலுக்கிக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் கதை வேறு. தமிழும் மலாயும் அசைகளைக் கிட்டத்தட்டச் சம எடையில் வைத்துப் பேசும். ஆங்கிலம் ஓர் அசையை ஓங்கி ஒலித்து மற்றவற்றை அமுக்கும். 'பனானா' என்ற சொல்லில் நடு அசைதான் ராஜா, இரு பக்கமும் விழுங்கப்படும். நியூயார்க்கில் ஆங்கிலம் கற்பித்த கேரொலின் கிரஹாம் இதை ஜாஸ் இசைத் தாளத்தோடு சேர்த்து, 1978இல் 'ஜாஸ் சாண்ட்ஸ்' என்ற நூலாகக் கொண்டுவந்தார். அன்றாடப் பேச்சைத் தாளத்தில் போட்டுச் சொல்லும் பயிற்சி, அவ்வளவுதான். உலகம் முழுக்க ஆங்கில வகுப்புகளில் அது பரவியது.

தாளத்துக்கும் படிப்புக்கும் உள்ள உறவை ஆய்வாளர்களும் தொட்டிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் உஷா கோஸ்வாமி, தாளத்தைப் பிடிப்பதில் தடுமாறும் குழந்தைகள் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் தடுமாறுகிறார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நீனா கிராஸ் குழு, லாஸ் ஏஞ்சலிஸில் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கற்ற பிள்ளைகளின் மூளை, பேச்சொலிகளைக் கூடுதல் தெளிவோடு பிரித்தறிந்தது. ஓராண்டில் அந்த மாற்றம் தெரியவில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். நம் பள்ளிகளில் இசை என்பது ஆசிரியர் தினத்துக்கும் ஆண்டு நிறைவு விழாவுக்கும் ஒரு மாதம் முன்னால் முளைத்து, மறுநாள் மறைந்துபோவது. அதில் ஆடுவது எப்போதும் அதே பத்துப் பிள்ளைகள்தான். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். அந்தப் பத்துப் பேர் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகப் பேசக்கூடியவர்கள். இசை மிக அதிகமாகத் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் அது கிடைப்பதில்லை. இது எனக்கு வருத்தமான விஷயம்.

ஹங்கேரியின் இசைமேதை சோல்தான் கோடாய் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். குழந்தை முதலில் பாட வேண்டியது தன் தாய்மொழியின் நாட்டுப்பாடல்களை, பிறகுதான் மற்ற இசை. நம்மிடம் கும்மி இருக்கிறது, கோலாட்டம் இருக்கிறது, தோட்டத்துப் பாட்டிகளிடம் தாலாட்டு இருக்கிறது. 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தொகுத்த முரசு நெடுமாறன் ஆசிரியராக இருந்தவர், இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே பாடல்கள் எழுதியவர். ஆனால் பினாங்குப் பிள்ளைக்கு ஒரு மொழியின் நாட்டுப்பாடல் மட்டும் போதாது. அதற்குத் தாய்மண் ஒன்று, மொழிகள் மூன்று.

பினாங்கே இதற்கு வழிகாட்டி வைத்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களின் முஹர்ரம் வழக்கத்தோடு வந்து, இங்கே மலாய்மொழி உடுத்திக்கொண்ட கலை போரியா. தலைவர் ஓரடி பாட, குழு அதை வாங்கித் திருப்பிப் பாடும். நம் பஜனையிலும் கும்மியிலும் உள்ள அதே ஏற்பாடு. 1990களின் இறுதியில் ஜேனட் பிள்ளை ஜார்ஜ் டவுனில் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பு, பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பி, அங்குள்ள கதைகளையும் தொழில்களையும் ஒலிகளையும் திரட்டவைத்து, அவற்றைக் கலைப்படைப்பாக்கப் பழக்கியது. பெரியவர்கள் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கும் வேலை அங்கே இல்லை. படைப்பாற்றல் என்ற சொல்லை எல்லாப் பாடக்குறிப்பிலும் எழுதுகிறோம், அது உண்மையில் நடப்பது இப்படித்தான்.

வகுப்பறைக்கு வருவோம். மலாய்ப் பாடத்தில் பிள்ளைகள் பந்துன் படிக்கிறார்கள். நான்கடிப் பாடல், முதல் இரண்டடி ஏதோ ஒரு காட்சி, பின் இரண்டடி சொல்லவந்த செய்தி. ஒன்றாம் மூன்றாம் அடிகளின் இறுதி ஒத்திசைக்கும், இரண்டாம் நான்காம் அடிகளும் அப்படியே. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வடிவம். தமிழில் நாம் அடியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் தேடுவோம், பந்துன் அடியின் முடிவில் தேடும். இரண்டையும் ஒரே பாட்டில் செய்யச் சொல்லிப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு நானே ஒன்று கட்டிப் பார்த்தேன்:

வாழை இலையில் மழைத்துளி ஆடும்
வாசல் பூனை சோம்பி எழும்
தங்கை சிரித்தால் வீடே பாடும்
தாத்தா சிரித்தால் பல்லும் விழும்

மோனை தமிழுடையது, சட்டகம் மலாயுடையது. 'ராசா சாயாங்' பாட்டின் அடிகளே பந்துன்கள்தாம். அந்த மெட்டு இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும், நான்காம் ஆண்டு முதல் கையில் ரெக்கார்டரும் இருக்கிறது. மெட்டு தயார். பிள்ளைகள் தங்கள் பூனையையும் தாத்தாவையும் அதில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. பல மொழிகளில் பாட்டுக் கட்டுவது நமக்கு அந்நியமும் அல்ல. பொயட்டிக் அம்மோ குழு 1990களிலேயே ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று ராப் பாடியது. அதிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திராவோடு 2006இல் 'வல்லவன்' தந்தார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாட்டு இருந்தாலே கற்றல் நடந்துவிடாது. அ முதல் ஔ வரை மெட்டோடு கடகடவென்று பாடும் பிள்ளையிடம் 'ஐ'யைத் தனியே காட்டிக் கேளுங்கள். சில பிள்ளைகள் முதலிலிருந்து மனத்துக்குள் பாடிக்கொண்டே வந்து அந்த எழுத்தில் நிற்கும். மெட்டு மனப்பாடமாகியிருக்கிறது, எழுத்து மனத்தில் பதியவில்லை. அதனால் பாட்டை உடைக்க வேண்டும், நடுவில் நிறுத்த வேண்டும், அடியை மாற்றிப் போட வேண்டும், ஒரு சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தட்டு மட்டும் வைக்க வேண்டும். காணாமல்போன சொல்லைப் பிள்ளை எழுத வேண்டும். இந்த உழைப்பைச் செய்யாத ஆசிரியர் பாட்டுக் கருவியை அணைத்துவிட்டு வழக்கம்போல் நடத்துவதே மேல்.

சிறிய பள்ளிகளுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள தமிழ்ப்பள்ளிகள் நம்மிடம் நிறைய. சிலவற்றில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் படிக்கிறார்கள். அதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். தாளத்தில் அந்தக் கலவை இயல்பாகப் பொருந்தும். பெரியவர்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, சின்னவர்கள் மேலே சொல் போடுவார்கள். அண்ணன் தவறவிட்டால் தம்பி பிடித்துக்கொள்வான்.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது, வகுப்புசார் மதிப்பீடு வந்துவிட்டது. 'பாட்டுப் பாடினா படிப்பு ஏறுமா டீச்சர்?' என்று கேட்கும் பெற்றோரிடம் இப்போது நிதானமாகப் பதில் சொல்ல நேரம் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். விழா மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை உடைகளுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஒரு வகுப்புக்குப் போதுமான பறைகளும் மலாய்க் கொம்பாங்குகளும் வாங்குங்கள். இரண்டுமே ஒரு பக்கம் தோல் கட்டிய கருவிகள். கொம்பாங்கில் ஒருவர் விடும் இடைவெளியில் அடுத்தவர் அடிப்பார், குழுவாக இருந்தால்தான் பாட்டு முழுமையாகும். சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் உறுமி மேளம் வாசிக்கும் அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். கொம்பாங் தெரிந்த மலாய்க்காரர்களும் கம்போங்குகளில் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் இரு தரப்பையும் பள்ளிக்கு அழைத்தால், வரமாட்டேன் என்று சொல்பவர்கள் குறைவு. முதல் மாதம் இரைச்சலாகத்தான் இருக்கும். தலைமையாசிரியர் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.