தஞ்சம் கேட்ட நாளிலிருந்து பிரஜையான நாள்வரை

"கனடாவில் கால் வைத்தால் போதும், சிற்றிசன் தானாகவே கிடைத்துவிடும்" என்ற பேச்சு ஊரில் இன்றும் இருக்கிறது. ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் நேரங்களில் யாராவது ஒரு சகோதரி இதைப்பற்றி என்னிடம் கேட்காமல் விடுவதில்லை. கணவரை இழந்தவர்கள், கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பிள்ளைகளுடன் தனித்து நிற்பவர்கள் ஆகியோரே அதிகம் கேட்கிறார்கள். ஆகவே நான் நடந்த பாதையை உள்ளபடி எழுதலாம் என எண்ணினேன். புறப்படுங்கள் என்றோ, புறப்படாதீர்கள் என்றோ சொல்வது என் நோக்கமன்று. முடிவு எடுக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பாதையின் நீளம் தெரிந்திருக்க வேண்டும்.

நான் 2008 பெப்ரவரியில் தஞ்சம் கேட்டேன். 2016 இல் பிரஜையானேன். இந்த எட்டு ஆண்டுகளில் நான்கு படிகள் இருந்தன. முதலில் தஞ்சம் கோருபவர், பின்னர் பாதுகாப்புப் பெற்றவர், அதன்பின் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர், கடைசியாகப் பிரஜை. ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு உரிமை. வேறு வேறு பயம்.

பொலித்தீன் பைக்குள் இருந்த துண்டுகள்

2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில், இரவு வீட்டுக்கு வந்த ஆயுதம் தரித்த சிலர் என் கணவரைக் கொண்டுபோனார்கள். அக்காலத்தில் குடாநாட்டில் பல வீடுகளில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. பொலிஸ் நிலையம், மனித உரிமைகள் ஆணைக்குழு, சர்வதேச செஞ்சிலுவைக் குழு என்று எல்லா இடமும் நானும் மாமியும் ஏறி இறங்கினோம். முறைப்பாடு செய்த இடங்களில் ஒரு துண்டு தருவார்கள். "இந்தத் துண்டுகளால என்ன பிள்ளை வரப்போகுது?" என்று மாமி அழுவா. நான் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வைத்தேன்.

விசாரிக்கப்போனதால் எனக்கும் தொல்லை தொடங்கியது. நானும் பிள்ளையும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இரவில் ஆட்கள் வந்தார்கள். ஏ9 பாதை 2006 ஆகஸ்டிலிருந்து மூடப்பட்டிருந்தது. அனுமதி எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் வந்தேன். ஆறு வயது மகளை அம்மாவிடம் விட்டேன். தாலியைத் தவிர மற்ற நகை எல்லாம் பயணத்துடன் போயிற்று.

"உங்கட கதை என்ன?"

ரொறன்ரோ விமான நிலையத்தில் தஞ்சம் கேட்டேன். கைரேகையும் படமும் எடுத்தார்கள். நீண்ட நேரம் கேள்வி கேட்டார்கள். பின்னர் ஒரு படிவம் தரப்பட்டது. என் முழுக் கதையையும் எழுதி 28 நாட்களுக்குள் அதை ஒப்படைக்க வேண்டும். (2012 டிசெம்பருக்குப் பின் அந்தப் படிவமும் கால எல்லையும் மாறிவிட்டன.) பணம் இல்லாதவர்களுக்கு ஒன்ராறியோவில் சட்ட உதவி உண்டு. அதன் மூலம் எனக்கு ஒரு பெண் சட்டத்தரணி கிடைத்தார்.

படிவத்தில் திருமண நிலை பற்றி ஒரு கேள்வி இருந்தது. மணமானவரா, விதவையா, பிரிந்தவரா என்று கட்டங்கள். கணவர் காணாமற்போன பெண்ணுக்கு அங்கே கட்டம் இல்லை. சட்டத்தரணிக்கு உதவியாக இருந்த தமிழ்ப் பிள்ளை, "அக்கா, விதவை எண்டு போடுவமே?" என்று மெல்லக் கேட்டா. "இல்லைத் தங்கச்சி. மணமானவர் எண்டு போடுங்கோ. பக்கத்தில காணாமல் போயிட்டார் எண்டும் எழுதுங்கோ" என்றேன். அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகளில் எத்தனையோ படிவம் நிரப்பினேன். எல்லாவற்றிலும் அதையே எழுதினேன்.

அகதி என்பவர் யார் என்று 1951 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயம் சொல்கிறது. கனடா அதில் 1969 இல் இணைந்தது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறித்த ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய காரணங்களில் ஒன்றால் துன்புறுத்தப்படுவேன் என்ற நியாயமான பயம் இருக்க வேண்டும். யுத்தத்தில் கஷ்டப்பட்டோம், வறுமைப்பட்டோம் என்பது மட்டும் போதாது. இது பலருக்குத் தெரியாத விடயம்.

நான் கணவருக்கு நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். சட்டத்தரணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது அவருடைய கதை. உங்கட கதை என்ன?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது. நாம் எப்போதும் ஒருவரின் மகளாக, மனைவியாக, தாயாகவே எம்மைச் சொல்லிப் பழகியவர்கள். பெண் என்பதால் ஒருவருக்கு நேரும் கொடுமைகளையும் அகதிக் கோரிக்கையில் கருத்திற்கொள்ள வேண்டும் என்று கனடாவின் குடிவரவு அகதிகள் சபை 1993 இல் வழிகாட்டல் வெளியிட்டது. உலகில் அவ்வாறு முதலில் செய்த நாடு கனடாதான். என் விசாரணையில் உறுப்பினரும் மொழிபெயர்ப்பாளரும் பெண்களாக இருக்கவேண்டும் என்று சட்டத்தரணி கேட்டுக்கொண்டார், அப்படியே அமைந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லாததை அந்தப் படிவத்தில் எழுதினேன். எழுதிய இரவு நித்திரை வரவில்லை. ஆனால் அது என் பெயரில், என் வாயால் சொல்லப்பட்ட கதை.

ஒன்பதில் தொடங்கும் இலக்கம்

விசாரணைக்கு ஒன்றேமுக்கால் வருடம் காத்திருந்தேன். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் நானும் இன்னொரு சகோதரியும் இருந்தோம். மருத்துவப் பரிசோதனை முடிந்தபின் வேலை அனுமதி கிடைத்தது. வேலை செய்வதற்குச் சின் இலக்கம் வேண்டும். தற்காலிகமாக இருப்பவர்களின் சின் இலக்கம் 9 இல் தொடங்கும். அதைப் பார்த்தவுடனேயே வேலை கொடுப்பவருக்கு நாம் யாரென்று விளங்கிவிடும். இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தேன். காலையில் பாடசாலைச் சபை நடத்திய ஆங்கில வகுப்புக்குப் போனேன்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. சித்தியின் குடும்பம் வன்னியில் இருந்ததால் அந்த மாதங்களில் தொலைபேசியைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. நவம்பரில் என் விசாரணை வந்தது. உறுப்பினர் மரியாதையாகவே கேட்டார்: "யுத்தம் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் திரும்பிப் போக முடியாது?"

"யுத்தம் முடிந்தது. என் கணவரைக் கொண்டுபோனவர்கள் யாரென்று எவரும் சொல்லவில்லை. நான் திரும்பிப் போனால் அவரைப்பற்றிக் கேட்பேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது. கேட்டதால்தான் முன்பும் என்னிடம் வந்தார்கள்" என்று சொன்னேன்.

பொலித்தீன் பைக்குள் இருந்த துண்டுகள் மேசையில் வரிசையாக வைக்கப்பட்டன. அவற்றிலிருந்த திகதிகளும் நான் சொன்ன திகதிகளும் ஒன்றாக இருந்தன. அன்றே என் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாமி அழுதுகொண்டு பார்த்த துண்டுகள்தான் எனக்காகப் பேசின.

என்னுடன் இருந்த சகோதரியின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. விமான நிலையத்தில் பயத்தில் சொன்ன திகதியும் படிவத்தில் இருந்த திகதியும் ஒத்துப்போகவில்லை. சமஷ்டி நீதிமன்றம் அவருடைய மனுவை எடுத்துக்கொள்ளவில்லை. (கோரிக்கையாளர்களுக்கான தனி மேன்முறையீட்டுப் பிரிவு 2012 டிசெம்பரில்தான் இயங்கத் தொடங்கியது.) அவர் திருப்பி அனுப்பப்பட்டார். அவருக்கு நேர்ந்த துன்பம் என்னுடையதைவிடக் குறைந்ததன்று. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களின் கதைகள் ஊருக்கு வந்து சேரும். இப்படிப்பட்டவர்களின் கதைகள் வருவதில்லை. அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

மகள் வந்த நாள்

நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, வெளிநாட்டில் இருக்கும் கணவரையும் பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். குடும்பத்தில் ஒருவரின் பெயரை எழுதாமல் விட்டால், அக்காலச் சட்டப்படி பின்னர் அவரை அழைப்பது மிகக் கடினம். மகளின் பெயரை எழுதினேன். அதற்கு மேலே கணவரின் பெயரையும் எழுதி, இருப்பிடம் தெரியாது என்று குறித்தேன். "ஏன் வீண் சிக்கல்?" என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். அவர் ஒருநாள் வந்தால், என் கையெழுத்தே அவருக்குக் கதவை மூடியதாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

பிள்ளையை அனுப்பத் தந்தையின் சம்மதம் எங்கே என்ற கேள்வி வந்தபோதும் அதே முறைப்பாட்டுத் துண்டுகள்தான் கைகொடுத்தன. 2011 ஒக்டோபரில் எனக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. அதனுடன் ஒன்பதில் தொடங்காத புதிய சின் இலக்கமும் வந்தது. 2012 இல் மகள் வந்தாள். விட்டுவந்தபோது ஆறு வயது, இப்போது பத்து. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட முதற் கேள்வி, "அம்மம்மா எப்ப வருவா?" அவளுக்கு நான் மீண்டும் தாயாவதற்கு இரண்டு வருடம் எடுத்தது. அதற்கு எந்த அலுவலகத்திலும் விண்ணப்பப் படிவம் இல்லை.

வீட்டுக்குப் போக முடியாத வருடங்கள்

நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தால் ஊருக்குப் போய்வரலாம் எனப் பலர் நினைக்கிறார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அது ஆபத்தானது. 2012 டிசெம்பரில் வந்த சட்டத்தின்படி, தப்பி வந்த நாட்டுக்குத் தானாகத் திரும்பிச் சென்றாலோ, அந்த நாட்டின் கடவுச்சீட்டைப் புதுப்பித்துப் பாவித்தாலோ, அகதிப் பாதுகாப்புடன் வதிவிட உரிமையும் பறிபோகலாம். இந்தச் சட்டம் இன்றும் உண்டு. பிரஜையானால்தான் அந்தப் பயம் நீங்கும். அகதிகளுக்குக் கனடா கொடுக்கும் பயணப் பத்திரமும் எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தோமோ அந்த நாட்டுக்குச் செல்லாது.

எனவே 2013 இல் அம்மாவைத் திருச்சிக்கு வரச் செய்து, நானும் மகளும் அங்கே சந்தித்தோம். வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் ஒரு மாதம் சமைத்துச் சாப்பிட்டோம். எங்களவர் பலர் இப்படித்தான் தாய் தகப்பனைச் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தேன். அந்த விண்ணப்பம் வரிசையில் காத்திருந்தபோது, 2015 இல் அம்மா காலமானா. போகவில்லை. கணினித் திரையில் இறுதிக் கிரியையைப் பார்த்தோம். மகளின் வதிவிடத்தையும் என் வதிவிடத்தையும் ஆபத்தில் போட்டுவிட்டுப் போவதை அம்மா விரும்பியிருக்கமாட்டா என்று சொல்லி என்னை நான் தேற்றிக்கொண்டேன்.

பிரஜையாதல்

2012 நவம்பரிலிருந்து, பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் பெரியவர்கள் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசவும் விளங்கவும் முடியும் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அரசாங்கத்தின் இலவச லிங்க் வகுப்பில் நாலாம் நிலை முடித்த பத்திரத்தைக் கொடுத்தேன். பரீட்சையில் 20 கேள்விகள். 15 சரியாக வேண்டும். நாட்டின் வரலாறு, தேர்தல், உரிமை, கடமை எல்லாம் படிக்கவேண்டும். இரவு வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். வீட்டில் மகள் கேள்வி கேட்பாள்.

இன்றைய விதி, விண்ணப்பிப்பதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பது. பரீட்சையும் மொழி அத்தாட்சியும் 18 முதல் 54 வயது வரையானவர்களுக்கே. இந்த விதிகள் 2015 இலும் 2017 இலும் மாறின. ஆகையால் ஒருவர் சொன்னதை நம்பாமல் அவ்வப்போது கேட்டு அறிய வேண்டும்.

2016 இல் நானும் மகளும் சத்தியப்பிரமாணம் செய்தோம். வேறு நாட்டின் பிரஜாவுரிமையைப் பெற்றால், இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தாலன்றி, இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாமற் போகும். அடுத்த ஆண்டு கட்டுநாயக்காவில் முப்பது நாள் விசாவுடன், பிறந்த நாட்டில் விருந்தாளியாக இறங்கினேன். அம்மாவின் வீட்டைப் பார்த்தேன். 2017 பெப்ரவரி முதல் காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் கிளிநொச்சியில் பந்தல் போட்டு இருந்தார்கள். ஒரு பகல் அவர்களுடன் இருந்தேன். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. பைக்குள் என்னிடம் இருந்தவை போன்ற துண்டுகள்.

சகோதரிகளே, முகவர் ஒருவர் கதை எழுதித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். உங்கள் கதை உங்களிடமே இருக்கிறது. நடந்ததைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறப்பு, விவாகப் பத்திரங்களையும் முறைப்பாட்டுத் துண்டுகளையும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். வெளிநாடு போக எண்ணாதவர்களுக்கும் இவை வேண்டும். காணாமற்போனவருக்கு மரணப் பத்திரம் எடுக்க விரும்பாத குடும்பம், அவர் காணப்படவில்லை என்று சான்று கூறும் பத்திரத்தைப் பெற 2016 ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது. அதற்கும், பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கும், காணி உறுதிக்கும், ஒரு மனிதர் இருந்தார், அவரைத் தேடி ஒரு பெண் போனாள் என்பதற்கும் அத்தாட்சி அந்தத் துண்டுகள்தான். அவற்றை எறிந்துவிடாதீர்கள்.