உப்புச் சாலையும் பிரேக் டிஸ்க்கும்

பிரிட்டனில் அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை, சாலை உறையும் அளவுக்குக் குளிரும் என்று கணிப்பு வரும் இரவுகளில் உப்பு லாரிகள் கிளம்பிவிடும். லாரியின் பின்புறம் சுழலும் தட்டு பழுப்பு நிறப் பாறை உப்பை வழிநெடுக விசிறிக்கொண்டே போகும். உறைபனியைத் தடுக்க ஒரு சதுர மீட்டருக்கு 10 கிராம் அளவில் தூவினால் போதும். பனிப்பொழிவு வரப்போகிறது என்றால் 20, 40 கிராம் என்று அளவு கூடும். இந்த உப்பில் கணிசமான பங்கு செஷயர் பகுதியில் உள்ள வின்ஸ்ஃபர்ட் சுரங்கத்திலிருந்து வருகிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிப்போன உப்பு நீர்நிலைகளின் படிவு அது. 1844-இல் அதைக் கண்டுபிடித்தார்கள், இன்றும் வெட்டியெடுக்கிறார்கள்.

அந்த உப்பு இல்லாவிட்டால் அங்கே குளிர்காலத்தில் இரு சக்கரத்தில் போவதே ஆபத்து. ஆனால் முன்சக்கரம் வாரி இறைக்கும் உப்புத் தண்ணீர் முதலில் போய் உட்காருவது பிரேக்கின்மேல்தான். மாலையில் பளபளத்த டிஸ்க், மறுநாள் காலையில் காவி நிறம் ஏறி நிற்கும். புது வண்டி வாங்கியவர் பதறிப்போவார். பல குளிர்காலம் பார்த்தவர், ‘ரெண்டு தடவை பிரேக் பிடிச்சா போயிடும்’ என்பார். டிஸ்க்கின் முகத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான். ஆனால் உப்பு பிரேக்கை வந்து எட்டிவிட்டது என்பதற்கு அந்தக் காவி நிறம் சாட்சி. உப்பு சேதம் செய்யும் இடங்களில் வெளியே தெரிவது டிஸ்க் மட்டுமே. மற்ற இடங்கள் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்குள் மறைந்திருக்கின்றன.

பூச்சு இல்லாத உலோகம்

மோட்டார் சைக்கிளின் சட்டத்துக்குப் பெயின்ட் உண்டு, போல்ட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. டிஸ்க்கின் முகத்துக்கு மட்டும் எதுவும் கிடையாது, இருக்கவும் முடியாது. லிவரை அழுத்தினால் இரண்டு பக்கமும் பிரேக் பேட் வந்து வெற்று உலோகத்தைக் கவ்வ வேண்டும். வண்டியின் வேகமெல்லாம் அந்த உரசலில்தான் வெப்பமாக மாறுகிறது. பலமாக, திரும்பத் திரும்பப் பிரேக் பிடித்தால் டிஸ்க்கின் சூடு சில நூறு டிகிரி வரை ஏறும். எந்தப் பூச்சும் அங்கே நிற்காது. துருவோடு உலோகம் தானே போராட வேண்டும்.

கார்களின் டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. மழை பெய்த ஒரே இரவில் துருப்பிடிக்கும், முதல் பிரேக்கிலேயே துடைத்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் டிஸ்க்கோ 4, 5 மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய தகடு. பெரும்பாலும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். 1969-இல் ஹோண்டா சிபி750 முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோடு வந்த பிறகு, ஜப்பானிய நிறுவனங்கள் ஸ்டெய்ன்லெஸ் டிஸ்க்கையே பரவலாகப் பயன்படுத்தின. அந்தக் கால பேட்களோடு சேர்ந்தபோது அதற்கு ஒரு பெரிய குறை இருந்தது. மழையில் லிவரை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. பிறகு திடீரென்று பிடிக்கும். இத்தாலிய வண்டிகள் பலவற்றில் இருந்த வார்ப்பிரும்பு டிஸ்க் ஈரத்திலும் நன்றாகப் பிடித்தது, ஆனால் விடிவதற்குள் துருவேறியது. உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்யும் சின்டர்ட் பேட்கள் வந்த பிறகே ஸ்டெய்ன்லெஸ் டிஸ்க் மழையிலும் நம்பகமானது.

கத்தியும் டம்ளரும்

‘ஸ்டெய்ன்லெஸ் என்றால் துருப்பிடிக்காதே?’ என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை சமையலறையிலேயே இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நல்ல எஃகுக் கத்தியில் ஒட்டும். பிரேக் டிஸ்க் கத்தியின் குடும்பம்.

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர், துப்பாக்கிக் குழாய்கள் உட்புறம் தேய்வதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். சுமார் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கரிமமும் கலந்து அவர் உருக்கிய எஃகு, அமிலத்தில் எளிதில் அரிக்காததைக் கவனித்தார். அந்த எஃகு சாப்பாட்டு மேசைக் கத்தியாகப் புகழ் பெற்றது. இன்றைய டிஸ்க்குகளின் கலவையும் அதற்கு நெருங்கிய உறவு: குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கரிமம் பிரியர்லியின் எஃகில் இருந்ததைவிடக் குறைவாக இருக்கும்.

எஃகில் குரோமியம் ஏறக்குறைய 10.5 சதவீதத்தைத் தாண்டினால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு குரோமியம் ஆக்சைடு படலம் உண்டாகும். அதன் கனம் சில நானோமீட்டர் மட்டுமே. கீறினாலும் காற்றுப்பட்டவுடன் மறுபடி மூடிக்கொள்ளும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலைக் காப்பது இந்தப் படலம்தான். தரமான எவர்சில்வரில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருப்பதால் படலம் உறுதியாக நிற்கும். டிஸ்க்கில் குரோமியம் வரம்பை ஒட்டியே இருப்பதால் படலம் பலவீனமானது.

அப்படியானால் டம்ளர் எஃகிலேயே டிஸ்க் செய்யலாமே? செய்ய முடியாது. அந்த எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க இயலாது. பேட் உரச உரச அது சீக்கிரம் தேய்ந்துவிடும். சூட்டில் அதிகம் விரியும், வெப்பத்தையும் மெதுவாகவே கடத்தும். ஆகவே துரு எதிர்ப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் பொறியாளர்கள் கடினத்தை வாங்கியிருக்கிறார்கள். குளிர்காலக் காலையில் டிஸ்க்கில் தெரியும் பழுப்பு நிறம் அந்தப் பேரத்தின் விலை.

உப்பு என்ன செய்கிறது

வெறும் மழைத்தண்ணீர் டிஸ்க்கை மெதுவாகவே தாக்கும். உப்பு கலந்தால் இரண்டு காரியம் நடக்கிறது. தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தத் தொடங்குவதால் துருவின் மின்வேதிவினை வேகமெடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்த மெல்லிய படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடுகின்றன. துளைத்த இடத்தில் படலம் மறுபடி மூடாமல் போனால், அரிப்பு அங்கேயே குடைந்து உள்ளே போகும். துரு பரவலாக மேயாமல் புள்ளி புள்ளியாகக் குழி பறிப்பது இதனால்தான்.

வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டால் காய்ந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையும். பிரிட்டனின் குளிர்கால ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேலேதான். கழுவாத வண்டி கூரைக்கடியில் நின்றாலும் உப்பு இரவெல்லாம் ஈரமாக வேலை செய்யும். கனடாவின் பல பகுதிகளில் தெளிக்கும் கால்சியம் குளோரைடு இன்னும் வறண்ட காற்றிலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் கடற்கரை ஊர்களில் கடற்காற்று கொண்டுவருவதும் இதே குளோரைடுதான். அங்கே வண்டி ஓட்டுபவர்களுக்கும் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

மூன்று வகைப் பழுப்பு

டிஸ்க்கைக் குனிந்து கிட்டத்தில் பார்த்தால் மூன்று விதமான பழுப்பைப் பிரித்தறியலாம்.

முதலாவது, முகம் முழுக்க ஒரே சீராகப் படரும் காவி நிறப் படலம். இதில் ஒரு பகுதி டிஸ்க்கினுடையதே அல்ல. சின்டர்ட் பேட்களில் கலந்துள்ள இரும்புத் தூள் துருவேறிப் படிந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு நாலைந்து முறை மென்மையாகப் பிரேக் பிடித்தால், கரகரவென்று ஒலித்துவிட்டுப் போய்விடும். கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது, பேடின் வடிவத்திலேயே பதிந்திருக்கும் கருந்தடம். ஈரத்தோடு வண்டியைப் பல வாரம் அசையாமல் நிறுத்தினால் வருவது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் தேங்கிய உப்புநீருக்கு ஆக்சிஜன் போவதில்லை. படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. போதாததற்கு பேடிலுள்ள செம்பும் கிராஃபைட்டும் எஃகைத் தூண்டி அரிக்கவைக்கின்றன. இந்தத் தடம் ஆழமாகப் பதிந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் லிவரில் ஒரு துடிப்பு தெரியும்.

மூன்றாவது, நகத்தால் வருடினால் தட்டுப்படும் குழிகள், டிஸ்க்கிலுள்ள துளைகளின் ஓரத்தில் செதிலாகப் பெயரும் துரு. பிரேக் பிடித்துப் போகாத துரு இது. டிஸ்க்கில் ‘MIN’ என்ற ஆங்கில எழுத்துகளோடு குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, அந்த எண்ணுக்குக் கீழே எங்காவது போயிருந்தால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். பேட் உரசும் வட்டத்தில் குழிகள் ஆழமாக இருந்தால் கனம் சரியாக இருந்தாலும் மாற்றுவதே நல்லது.

மறைவில் நடப்பது

இனி காலிபருக்கு வருவோம். அதற்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வெட்டு ரப்பர் சீல் இருக்கிறது. லிவரை அழுத்தும்போது பிஸ்டன் முன்னே வர, சீல் அதனோடு சேர்ந்து சற்றே முறுக்கிக்கொள்ளும். லிவரை விட்டதும் முறுக்கு தளர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னே இழுக்கும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது இந்த மயிரிழையில்தான்.

காலிபரின் உடல் அலுமினியம். உப்புநீர் சீலின் பள்ளத்துக்குள் கசிந்தால் அங்கே வெள்ளைத் தூளாக அலுமினியம் ஆக்சைடு வளரும். அது சீலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனை இறுக்கும். பிஸ்டன் திரும்பாது, பேட் எந்நேரமும் உரசும், டிஸ்க் சூடேறும். சின்ன வண்டிகளில் காலிபர் இரண்டு பின்களின்மேல் நகரும். அவை துருவேறி இறுகினால் ஒரு பேட் மட்டும் ஆப்பு வடிவில் தேயும். இதெல்லாம் நடக்கும்போது டிஸ்க்கின் முகம் கண்ணாடியாக மின்னிக்கொண்டிருக்கலாம்.

செய்ய வேண்டியது

உப்புச் சாலையில் ஓடி வந்த அன்றே, குழாய்த் தண்ணீரைத் தாராளமாகவும் மெதுவாகவும் விட்டுக் கழுவ வேண்டும். வெந்நீர் வேண்டாம், சூடு வினையை வேகப்படுத்தும். டிஸ்க்கைவிடக் காலிபரின் அடிப்பக்கத்துக்கும் பேட்களின் இடுக்குக்கும் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் அழுத்தத்தில் பீய்ச்சினால் தண்ணீர் சீல்களையும் பேரிங்கையும் தாண்டி உள்ளே போகும். கழுவியபின் ஒரு சுற்று ஓட்டி, மென்மையாகப் பிரேக் பிடித்துச் சூட்டில் காயவைத்துவிட்டு நிறுத்துவது சிறந்தது.

விமானங்களுக்காக உருவாக்கப்பட்ட ஏசிஎஃப்-50 போன்ற துரு தடுப்புத் தெளிப்பான்களைப் பிரிட்டனில் பலர் வண்டி முழுக்க அடிக்கிறார்கள். டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. எண்ணெய் ஊறிய பேடை நம்ப முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். பிடிவாதமான துருவுக்குப் பிரேக் கிளீனரும் ஸ்காட்ச் பிரைட் போன்ற நைலான் தேய்ப்பானும் போதும்.

குளிர்காலத்துக்கு முன்பும் பின்பும் காலிபரைக் கழற்றுங்கள். அதைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்துப் பேட்களை எடுங்கள். லிவரை மெல்ல அழுத்திப் பிஸ்டன்களைச் சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே கொண்டுவந்து, பழைய பல் துலக்கியும் சோப்புத் தண்ணீரும் கொண்டு பளிச்சென்று தேய்த்த பிறகே உள்ளே தள்ளுங்கள். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். பிஸ்டனுக்கு ரப்பர் கிரீஸ் மட்டுமே. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் சீல் உப்பிவிடும். மாட்டி முடித்ததும் லிவர் கெட்டியாகும்வரை அழுத்திப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் சில அழுத்தங்களில் பிரேக்கே இருக்காது. அதை மறந்து சாலையில் இறங்கினால் பெரிய விபத்தில் முடியும். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதென்றால், கழுவிக் காயவைத்து, காற்றுப் புகும் துணியால் மூடி, அவ்வப்போது சக்கரத்தை உருட்டிப் பேட் தொடும் இடத்தை மாற்றினால் போதும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும்.

குளிர்காலப் பராமரிப்புக்கு உங்களிடம் அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றால், டிஸ்க்கைத் தேய்த்து மினுக்குவதில் அதைச் செலவிடாதீர்கள். மேலோட்டமான துருவை முதல் சில பிரேக்குகளே துடைத்துவிடும். காலிபருக்குள் போன உப்பைத் தண்ணீரும் உங்கள் கையும் தவிர வேறெதுவும் எடுக்காது. அந்த அரைமணி நேரத்தைக் காலிபருக்குக் கொடுங்கள்.