குடிநீர்க் கட்டணத்தை வார்டு தேர்தலால் கட்டுப்படுத்த முடியுமா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பல ஊர்களில் தண்ணீர் வாரியத்துக்கென்றே தனித் தேர்தல் நடக்கிறது. கட்டண உயர்வைத் தடுப்பேன் என்று சொல்லி அதில் போட்டியிடுவோர் உண்டு. மதுரை வில்லாபுரத்து வாக்காளருக்கு அப்படியொரு வாக்குச்சீட்டு கிடையாது. 1971-ல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தை நடத்துவோர் அரசு நியமிப்பவர்கள். ஆனால், 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், குடிநீர் வழங்கலை நகராட்சிகளின் பொறுப்புகளில் சேர்த்தது. மதுரையில் வீட்டு இணைப்புக்கான கட்டணத்தை வசூலிப்பதும் மாநகராட்சிதான். ஆகவே 100 கவுன்சிலர்கள் அமரும் மாமன்றமே நம்முடைய தண்ணீர் வாரியம். கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் வார்டு தேர்தலை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

மாமன்றம் இல்லாத காலத்தைப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி வரை தமிழக நகரங்களுக்குத் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் ஆட்சி நடத்தினார்கள். அந்த இடைவெளியில்தான், 2018-ல், கோவையின் குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டுகளுக்கு சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் வெளிவந்தது. ஒரு தலைமுறையைக் கட்டுப்படுத்தும் முடிவு. அதன் நிபந்தனைகளைக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கவுன்சிலர்கூட அப்போது பதவியில் இல்லை.

மாமன்றத்துக்கு உண்மையில் அதிகாரம் ஏது, எல்லாம் கோட்டையில்தானே முடிவாகிறது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. 2022 மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் தொடக்கத்திலேயே மாநில அரசு 25 முதல் 150 சதவீதம் வரை சொத்துவரி உயர்வை அறிவித்தது. மத்திய நிதி ஆணையத்தின் மானிய நிபந்தனை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இருந்தாலும் கட்டணத்துக்கு அடிப்படையான செலவு உள்ளூரில்தான் உருவாகிறது. குழாய்க் கசிவு, பராமரிப்பு ஒப்பந்தம், வசூலாகாத நிலுவை ஆகிய மூன்றையும் கவுன்சிலர் மன்றத்தில் கேள்வியாக்கலாம். மக்களுக்கும் ஆண்டுக்கு நான்கு முறை கூடவேண்டிய பகுதி சபை இருக்கிறது.

கட்டணத்தை அடக்கினால் மாநகராட்சி திவாலாகும், குழாய் பழுதாகும் என்பது அடுத்த வாதம். வாக்குக்காக விலையை மட்டும் வெட்டினால் அது நடக்கும். பாரிஸ் நகரம் வேறு வழியில் போனது. 2010-ல் குடிநீரைத் தனியாரிடமிருந்து நகராட்சி திரும்ப எடுத்தது. லாபமாக வெளியேறிய பணம் மிஞ்சியதால் 2011-ல் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. மதுரையில் அடைக்கவேண்டிய ஓட்டை எங்கே என்பதை 2025 காட்டிவிட்டது. கட்டடங்களுக்குச் சொத்துவரியைக் குறைத்து மதிப்பிட்ட முறைகேடு வெளியாகி, மண்டலத் தலைவர்களும் மேயரும் பதவி விலகினார்கள். பெரிய கட்டடங்கள் கட்டாத வரியின் சுமை, ஒழுங்காகக் கட்டும் சிறு வீட்டின் மேல்தான் விழும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே தவறினார்களே என்று கேட்கலாம். அப்படித் தவறியவர்களை அடுத்த தேர்தலில் மாற்ற மக்களுக்கு வழி இருக்கிறது என்பதே அதற்குப் பதில்.

லோயர்கேம்ப்பிலிருந்து முல்லைப்பெரியாற்று நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தால் இந்தக் கேள்வி இன்னும் நெருங்கி வந்திருக்கிறது. அதைப் பராமரிக்கும் செலவு நாளைய கட்டணத்தில் சேரும். இன்றைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. 21 வயது நிறைந்த வாக்காளர் யாரும் போட்டியிடலாம். இடங்களில் பாதி பெண்களுக்கு. தண்ணீருக்காக லாரியும் கேனும் தேடி அதிகம் செலவிடும் வீட்டுப் பெண்கள் அந்த இடங்களுக்கு வரவேண்டும். வாக்கு கேட்டு வருவோரிடம் கட்டணத்தைக் குறைப்பீர்களா என்று மட்டும் கேட்டால் போதாது. குடிநீர்க் கணக்கின் வரவு செலவை ஒவ்வொரு பகுதி சபையிலும் வாசித்துக் காட்டுவேன் என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். அதற்கு ஒப்பாதவருக்கு வில்லாபுரம் வாக்களிக்கக் கூடாது.