வண்டி சொல்லும் சேதி – 17: உள்பக்கத்துப் பேடு

போன வாரம் டயரைப் பார்த்தோம். அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் பிரேக்குக்கு இந்த வாரம் வருவோம்.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். திங்களன்று ஏறி வெள்ளியன்று இறங்கும் ஆசிரியை ஒருவர் தன் பழைய காரோடு பட்டறைக்கு வந்தார். “அண்ணா, முன்சக்கரத்துல கிறீச்சுன்னு சத்தம். ஒரு இடத்துல காட்டினேன். பேடு நல்லாத்தான் இருக்குன்னு உப்புத்தாள்ல தேய்ச்சு அனுப்பிட்டாங்க. நாலே நாள்ல திரும்ப ஆரம்பிச்சிடுச்சு.”

“எப்போ கத்துது டீச்சர்?” என்று கேட்டேன். ஸ்பேனரை எடுக்கும் முன் இதைக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் என்றால், ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருதான், தானே போய்விடும். மிதிக்காமலே உரசினால் டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே சல்லிக்கல் சிக்கியிருக்கலாம். கரகரவென்று அரைத்தால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன. வண்டியை நகர்த்தவே கூடாது. டீச்சர் சொன்னது வேறு: “லேசா மிதிச்சாலே கத்துது. இறக்கத்துல விடாம கத்துது.”

சக்கரத்தைக் கழற்றினேன். வெளிப் பேடில் 7 மி.மீ. தாராளமாக இருந்தது. கேலிப்பரைத் தூக்கிய பிறகுதான் உள் பேடு கண்ணில் பட்டது. 2 மி.மீ.கூட இல்லை. அதன் ஓரத்தில் வளைந்து நிற்கும் சின்ன எஃகு நாக்கு, டிஸ்க்கில் உரசி உரசி நுனி பளபளத்துக் கிடந்தது. பேடு தீரப்போகும் நேரத்தில் கத்துவதற்கென்றே வைத்த நாக்கு அது. சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்ப்பவருக்கு வெளிப் பேடுதான் தெரியும். முன்பு பார்த்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மலை இறங்கும் வண்டியை அப்படி அனுப்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது? பிஸ்டன் உள் பேடைத் தள்ளும்போது கேலிப்பர் இரண்டு பின்கள்மேல் நகர்ந்து வெளிப் பேடையும் இழுத்து அழுத்த வேண்டும். இதில் ஒரு பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, துருவேறி இறுகிவிட்டது. உள் பேடு தனியாகவே உழைத்திருக்கிறது. புதுப் பேடை மட்டும் மாட்டியிருந்தால் அதற்கும் இதே கதிதான்.

பின்னைச் சுத்தம் செய்து, புது உறை போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமனை அதிலேயே பொறித்திருப்பார்கள். அளந்தேன், மிச்சம் இருந்தது. முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே பேடு மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சக்கரத்தை மாட்டியதும் வண்டியை எடுத்துவிடக் கூடாது. பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரைக்கே போகும். இறுகும்வரை மிதித்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

“திங்கட்கிழமை ஏறலாமா அண்ணா?”

“ஏறுங்க டீச்சர். அதுக்குள்ள சமதரையில அம்பதுல போய்ப் பத்துக்குக் குறைச்சு, இடைவெளி விட்டுப் பத்துத் தடவை பழக்குங்க. வெள்ளிக்கிழமை இறங்கும்போது செகண்ட் கியர்லயே வாங்க.”

கழற்றிய உள் பேடை அவர் கையில் கொடுத்தேன். ஓரத்து நாக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

(தொடரும்)