கதவோரத்து மாணாக்கர்

பாடத்தைக் காதால் கேட்கலாம். ஆனால் வகுப்புக்குள் காலெடுத்து வைக்கலாகாது. இப்படியும் ஒரு பள்ளிக்கூடம் உண்டா என்று நேயர்கள் கேட்க மாட்டார்கள். நந்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! நாம் சொல்ல வந்ததோ அமெரிக்காவில் நடந்தது.

1906-ஆம் வருஷத் தொடக்கம். டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஹூஸ்டன் நகரம். பார்ஹம் என்ற வெள்ளைக்காரப் போதகர் அங்கே வேதபாட வகுப்பு நடத்தினார். வில்லியம் ஸீமோர் என்னும் கறுப்பர் தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டினார். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1870-இல் பிறந்தவர். ஹோட்டலில் பரிசாரகராக ஊழியம் செய்தவர். வைசூரியில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். வெள்ளையரோடு அவர் சமமாக உட்கார அந்த ராஜ்யத்துச் சட்டமும் வழக்கமும் இடந்தரவில்லை. ஆகவே அவர் கூடத்தில் உட்கார, வகுப்பின் கதவு சற்றே திறந்து வைக்கப்பட்டது. குருவின் தயாளம் அவ்வளவுதான்!

அங்கே அவர் கேட்ட உபதேசம் இது: பரிசுத்த ஆவியைப் பெற்றவர்கள், ஆதிச் சீஷர்களைப் போலவே, தாம் கல்லாத அந்நிய பாஷைகளில் பேசுவார்கள். அந்த உபதேசத்துடன் ஸீமோர் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துச் சிறு சபை ஒன்றுக்குப் போதகராகப் போனார். பிரசங்கத்தைக் கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி அவர் வந்தபோது கதவு பூட்டியிருந்தது.

பிறகு ஏழை நண்பர்களின் வீட்டில் ஜெபம் நடந்தது. ஏப்ரல் 9-ந் தேதி இரவு அங்கே சிலர் அந்நிய பாஷையில் பேசலாயினர். செய்தி பரவிக் கூட்டம் நெரியவே, அஸூஸா வீதியில் ஒரு பழைய மரக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரு காலத்தில் ஆலயமாயிருந்து, பிறகு குதிரை லாயமாகிவிட்ட இடம். ஆணிப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு ஆசனங்கள் அமைத்தார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த இரண்டு மரப் பெட்டிகளே பிரசங்க பீடம். தினம் மூன்று கூட்டங்கள். ஏறக்குறைய மூன்று வருஷ காலம் ஓயவில்லை. நகரத்துப் பத்திரிகை ஒன்று ஏப்ரல் 18-ந் தேதி இதைப் பரிகாசம் செய்து எழுதிற்று. அன்று காலையில்தான் ஸான்பிரான்ஸிஸ்கோ பூகம்பம்! பலருடைய பரிகாசம் பயமாக மாறிற்று.

அந்நிய பாஷையைப் பற்றித் தீர்ப்புக் கூற நாம் வேதபண்டிதர் அல்ல. நம்மை வியக்க வைப்பது பீப்பாய்ப் பலகைகளில் உட்கார்ந்தவர்களே. கறுப்பரும் வெள்ளையரும் மெக்ஸிகோ தேசத்தாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எழுந்து பிரசங்கித்தார்கள். தென்பிரதேசத்து வெள்ளைப் போதகர்கள் கறுப்பர் முன் மண்டியிட்டு, தங்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கும்படி வேண்டினார்கள். இதற்கெல்லாம் தலைவரான ஸீமோரோ, பெரும்பாலும் அந்த மேல்பெட்டிக்குள் தலையை நுழைத்து ஜெபித்துக்கொண்டிருப்பார். காணிக்கைத் தட்டு சுற்றி வருவதில்லை. பேச விரும்பியவர் பேசலாம். தாம் ஒதுங்கிப் பிறருக்கு இடம் விடுவதையே அவர் தம் உத்தியோகமாகக் கொண்டார் போலும்.

அக்டோபர் மாதத்தில் பழைய குரு பார்ஹம் பார்க்க வந்தார். இரு நிறத்தாரும் கலந்திருப்பதைக் கண்டு அருவருத்துக் கண்டித்தார். சபையார் அவரை ஏற்கவில்லை. அவர் அருகிலேயே போட்டிக் கூட்டம் நடத்தினார்.

ஆனால் ஸீமோரின் கதை அத்துடன் சுபமாக முடிந்துவிடவில்லை. 1908-இல் அவர் ஜென்னி மூரை மணந்தபின், சபைப் பத்திரிகையை நடத்திவந்த பெண்மணி சந்தாதாரர் ஜாபிதாவுடன் போர்ட்லண்ட் நகருக்குச் சென்றுவிட்டார். 1911-இல் ஸீமோர் வெளியூர் சென்றிருந்தபோது, டர்ஹம் என்ற வெள்ளைப் போதகர் அஸூஸாவில் வேறு சித்தாந்தத்தைப் போதித்துப் பெருங்கூட்டம் சேர்த்தார். திரும்பி வந்த ஸீமோர் என்ன செய்தார்? கதவைப் பூட்டினார். ஒரு சமயம் தமக்கு எதிரே தொங்கிய பூட்டை அப்போது நினைத்திருப்பாரோ? கூட்டம் டர்ஹமுடன் போய்விட்டது. 1914-இல் வெள்ளைப் போதகர்கள் பெரும்பாலோர் சேர்ந்து தனி ஸ்தாபனம் கண்டார்கள். மறுவருஷம் ஸீமோரும், சபைத் தலைமை கறுப்பருக்கே என்று விதி எழுத நேர்ந்தது. எல்லோரையும் ஒரே பலகையில் உட்கார்த்திய கை எழுதிய விதி அது!

1922 செப்டம்பர் 28-ந் தேதி அவர் காலமானார். அஸூஸாவின் வழிவந்த பெந்தெகொஸ்தே சபைகளில் இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இருக்கிறார்கள். எஞ்சிய சிலரை வைத்து ஜென்னி அம்மையார் கூட்டங்களை நடத்தி வந்தார். 1931-இல் கட்டடம் இடிக்கப்பட்டது. வெகுகாலம் மோட்டார் வண்டிகள் நின்ற அவ்விடம், இப்போது ஜப்பானியக் கலாசார நிலையம் ஒன்றின் திறந்த முற்றமாக இருக்கிறது.