சீட்டு போடும் இடத்திலேயே தொடங்கும் சிகிச்சை

ஓர் அரசு மருத்துவமனையின் ஓபி சீட்டு வரிசையில் என் முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் நின்றிருந்தார். "என்னம்மா பண்ணுது? சத்தமா சொல்லுங்க" என்றார் ஊழியர். அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னால் ஆண்களும் பெண்களுமாகப் பதினைந்து பேர். "வயித்து வலி" என்றார். பொது மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு கிடைத்தது. அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்து, பிறகு மகளிர் நோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அதற்குள் அங்கே ஓபி முடிந்துவிட்டது. ஆறு மாதமாக அவருக்கு இருந்தது வெள்ளைப்படுதல்.

கூச்சப்பட்டு மறைக்கக் கூடாதவை

துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு, இரு மாதவிடாய்களுக்கு நடுவே ரத்தப்போக்கு, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் ரத்தம் படுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பல நேரம் இவை தொற்று போன்ற சாதாரணக் காரணத்தால் வரலாம். சில நேரம் கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். எச்பிவி வைரஸால் வரும் இந்தப் புற்றுநோய் முற்றப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்க முடியும். 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

கர்ப்பமா? 12 வாரத்துக்குள் பதியுங்கள்

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கர்ப்பத்தைப் பதிந்தால் 12 இலக்க ஆர்சிஎச் எண் கிடைக்கும். மகப்பேறு உதவித் தொகைக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் தேவை. பதியும்போது கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். அந்த நாளிலிருந்து 280 நாள் கணக்கிட்டே பிரசவ தேதி குறிக்கிறார்கள். தேதி தவறினால் குழந்தையின் வளர்ச்சிக் கணக்கும் தவறும்.

தாய் வீட்டுக்குப் போகும்போது

வளைகாப்பு முடிந்து தாய் வீடு கிளம்பும்போது புடவையும் வளையலும் பெட்டியில் ஏறுகின்றன. ஸ்கேன் அறிக்கையும் தாய்சேய் நல அட்டையும் கணவர் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடுகின்றன. ஆனால் அவற்றில் உள்ள ரத்த வகை போன்ற விவரங்கள் பிரசவத்தின்போது தேவை. தாய்க்கு ரத்த வகை நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். தவறவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் உருவாகும் குழந்தையின் ரத்த அணுக்கள் அழியும் ஆபத்து உண்டு. பரிசோதனைச் சீட்டுகளை ஒரே பையில் போட்டு உடன் கொண்டுசெல்லுங்கள். செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயர், ஒரே எண்

திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல் என்று மாற்றி மாற்றிச் சொன்னால் ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவுகள் உருவாகும். பழைய அறுவை சிகிச்சையும் மருந்து ஒவ்வாமையும் மருத்துவர் கண்ணில் படாமல் போகும். ஆதாரில் உள்ளபடியே பெயர் சொல்லுங்கள். பழைய சீட்டு எண்ணைக் காட்டுங்கள்.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை

சீட்டு போடும் இடத்தில் பெயர், வயது, எந்தப் பிரிவு என்பவை மட்டும் போதும். பிரச்சினையை மருத்துவரும் செவிலியரும் தனியறையில் கேட்கட்டும். "பெண்கள் பிரச்சினைக்கு இந்த அறை" என்று எளிய தமிழில் பலகை வையுங்கள். அடுத்தவர் தள்ளி நிற்கத் தரையில் ஒரு கோடு போடுங்கள். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று வரிசையில் வைத்துக் கேட்காதீர்கள்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. சகோதரிகளே, நீங்களும் தயங்க வேண்டாம். வரிசையில் சொல்லக் கூச்சமாக இருந்தால், "மகளிர் டாக்டரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியது மருத்துவரிடம் மட்டும்தான்.