ஹோம்ஸைக் கொன்றது யார்?

துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் என்றால் நம்மில் பலருக்கு உசிர். ஆனா அவரை உருவாக்கிய ஆர்தர் கானன் டாயிலுக்கு ஒரு கட்டத்தில் அவர்மேல் வெறுப்பே வந்துவிட்டது!

டாயிலுக்கு வரலாற்று நாவல் எழுதத்தான் ஆசை. ஜனங்களோ ஹோம்ஸ் கதைதான் வேணும் என்றார்கள். 1891-லேயே, ஹோம்ஸைத் தீர்த்துவிடலாமா என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மா, கூடவே கூடாது என்றுவிட்டார். இரண்டு வருஷம் பொறுத்தார். 1893 டிசம்பரில் வந்த கதையில், ஸ்விட்சர்லாந்து அருவி ஒன்றில் வில்லனோடு சேர்ந்து விழுந்து ஹோம்ஸும் செத்ததாக எழுதிவிட்டார். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்தன. ஒரு பெண்மணி எடுத்த எடுப்பிலேயே திட்டித்தான் ஆரம்பித்தாராம்!

கடைசியில் 1903-ல் ஹோம்ஸை உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அது எப்படி முடிந்தது? ஹோம்ஸ் விழுந்ததை நண்பர் வாட்சன் கண்ணால் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. டாயில் தெரிந்தேதான் அந்தச் சந்தை விட்டு வைத்தாரோ? எனக்கென்னவோ, கொல்லும்போதே கை கொஞ்சம் நடுங்கியிருக்கும்னு தோணுது. சலித்துப்போன அந்த மனுஷனை வைத்து அவர் எழுதியது மொத்தம் 4 நாவல், 56 சிறுகதை. கடைசிக் கதை வந்தது 1927-ல்!